பறவைப் படத்தில் ஒளிந்திருக்கும் முகவரி

போடிநாயக்கனூரில் ஏலக்காய் கூட இப்போது கம்ப்யூட்டர் வழியாகத்தான் ஏலம் போகிறது. அதே ஊரிலிருந்து கேமராவுடன் மலை ஏறினால், ஒரே காலைப் பொழுதில் இரண்டு வகையான உலகைப் படம் பிடித்து வந்துவிடலாம். முந்தல் வரை மாந்தோப்பு, இலவ மரங்கள், வறண்ட புதர்க்காடு. இங்கே மயில், பஞ்சுருட்டான், பனங்காடை ஆகியவற்றைப் பார்க்கலாம். அதன் பின் 17 கொண்டை ஊசி வளைவுகள். போடி மெட்டை நெருங்கும்போது பனியும் ஏலத் தோட்டங்களும் வந்துவிடும். செம்மீசைச் சின்னான் சாலை ஓரத்திலேயே கிடைக்கும். சீகாரப் பூங்குருவியின் விசில் சத்தம் முதலில் கேட்கும். பறவை பிறகுதான் தெரியும். பெரிய மரங்கள் மிஞ்சியுள்ள இடங்களில் இருவாச்சியைப் பார்க்கவும் வாய்ப்பு உண்டு. (சாலையை விட்டுக் காட்டுப் பாதையில் இறங்க வனத்துறை அனுமதி வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத் தீயில் மலையேறச் சென்றவர்கள் 20 பேருக்கு மேல் உயிரிழந்ததை மறந்துவிடக் கூடாது.)

கேமரா செட்டிங்ஸ் பற்றிச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கீழே வெயிலில் பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/1000 நொடி அல்லது அதற்கு மேல் தேவை. ஏலச்செடி நிழலில் வளர்வது. மர நிழலில் 1/250க்கு இறங்கி, ஐ.எஸ்.ஓ. அளவை 1600 அல்லது 3200க்கு உயர்த்த வேண்டியிருக்கும். ரா பார்மட்டில் எடுத்தால் இருட்டைப் பின்னர் கம்ப்யூட்டரில் ஓரளவு சரி செய்திடலாம். ஆனால் படம் ஒன்று 25 எம்.பி. எனில், நொடிக்கு 10 படம் வீதம் ஐந்து நொடி அழுத்தினால் 1.25 ஜி.பி. போய்விடும். எனவே வீடு திரும்பிய அன்றே வேண்டாதவற்றை அழித்துவிடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்த போல்டரை யாரும் திறந்ததாகத் தெரியவில்லை!

இனி முக்கியமான விஷயத்திற்கு வருவோம். நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு படத்துடனும் எக்ஸிப் என்ற தகவல் தொகுப்பு பைலுக்குள்ளேயே பதிவாகிறது. கேமரா மாடல், ஷட்டர் வேகம், தேதி, நேரம் ஆகியவை அதில் இருக்கும். மொபைல் போனில் எடுத்தால், லொகேஷன் வசதி இயங்கும் நிலையில், எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் சேர்ந்துவிடும். திறந்த வெளியில் இது சில மீட்டர் துல்லியத்துடன் அமையும். பெரிய கேமராக்களில் ஜி.பி.எஸ். இல்லாவிட்டாலும், நிகான் ஸ்நாப்பிரிட்ஜ் போன்ற அப்ளிகேஷன்கள் போனிலிருந்து இடத்தை எடுத்துப் படத்தில் சேர்த்துவிடுகின்றன.

இதனால் என்ன என்று கேட்கலாம். சின்னான் படமென்றால் ஒன்றும் இல்லை. இருவாச்சிக் கூடு என்றால் கதை வேறு. பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை அடைத்துக் கொண்டு அடைகாக்கும். சிறு பிளவு வழியாக ஆண் கொண்டு வந்து தரும் உணவுதான் அதற்கு வாழ்வு. ஒரே பொந்தையே பல ஆண்டுகள் பயன்படுத்துவதும் உண்டு. உங்கள் பைலில் உள்ள இரண்டு எண்களை மேப்பில் ஒட்டினால் போதும். அந்த மரத்தடிக்கே வந்துவிடலாம். வருபவர் வேட்டைக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பத்துப் போட்டோகிராபர்கள் மரத்தடியில் நின்றாலே ஆண் பறவை இரையுடன் நெருங்கத் தயங்கும். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் தொந்தரவு செய்வதை வேட்டை என்ற விளக்கத்திற்குள்ளேயே சேர்த்துள்ளது.

காட்டு விலங்கு இருக்கும் இடம் குறித்த தகவலுக்குக் குறி வைப்பார்களா என்ற சந்தேகம் வேண்டாம். 2013ல், மத்தியப் பிரதேசத்தின் பன்னா புலிகள் காப்பகத்தில் ஒரு புலியின் கழுத்துப் பட்டை அனுப்பும் ஜி.பி.எஸ். தகவல் வந்து சேரும் இமெயில் கணக்கைத் திறக்க, புனேயிலிருந்து யாரோ முயன்றனர். சர்வர் அதனைத் தடுத்துவிட்டது. முயன்றது வேட்டைக்காரர்தானா என்பது உறுதியாகவில்லை.

சரி, உங்கள் படத்தில் இடம் பதிவாகியுள்ளதா என்று அறிவது எப்படி? விண்டோஸில் படத்தின் மீது ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுக்கவும். டீடெய்ல்ஸ் டேபில் கீழே சென்றால், ஜி.பி.எஸ். என்ற பிரிவு இருக்கிறதா எனப் பார்க்கலாம். இருந்தால், அதே டேபின் அடியில் உள்ள ரிமூவ் ப்ராப்பர்ட்டீஸ் அண்ட் பெர்சனல் இன்பர்மேஷன் என்பதில் கிளிக் செய்திடவும். கிடைக்கும் விண்டோவில், தகவல்கள் நீக்கப்பட்ட காப்பி ஒன்றை உருவாக்கும் முதல் ஆப்ஷனைத் தேர்ந்தெடுத்து ஓகே செய்திடவும். புதிய பைலைத் திறந்து மீண்டும் ஒரு முறை சோதித்துக் கொள்வது நல்லது. இந்த வசதி ஜேபெக் படங்களுக்கே ஏற்றது. நூற்றுக்கணக்கான படங்கள் என்றால், எக்ஸிப்டூல் என்ற இலவச புரோகிராமினைப் பயன்படுத்தலாம்.

ஒரிஜினலில் மட்டும் கை வைக்க வேண்டாம். இடமும் தேதியும் இல்லாத பறவைப் படத்தால் ஆய்வாளர்களுக்குப் பெரிய பயன் இல்லை. எனவே ஒரிஜினல் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில், காப்பி ஊருக்கு. ஐநேச்சுரலிஸ்ட் தளம் இதற்கு ஒரு நல்ல வழி வைத்துள்ளது. ஆபத்தில் உள்ள இனங்கள் பலவற்றுக்கு, சரியான இடத்தை மறைத்துவிட்டு, 0.2 டிகிரி நீள அகலம் உள்ள கட்டத்திற்குள் ஏதோ ஒரு புள்ளியைக் காட்டும். போடிப் பக்கம் இது ஏறத்தாழ 22 கிலோமீட்டர். தமிழகச் சரிவில் எடுத்த படம் மேப்பில் கேரளாவில் நிற்கலாம். நீங்களே ஜியோபிரைவசி என்ற இடத்தில் அப்ஸ்க்யூர்டு எனத் தேர்ந்தெடுத்தும் இவ்வாறு மறைக்கலாம். இ-பேர்ட் தளமும் சில அரிய இனங்களின் இடத்தைப் பொதுப் பார்வையிலிருந்து மறைக்கிறது.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் ஜி.பி.எஸ். தகவல் நீங்கிவிடும். தரம் குறையக் கூடாது என்று டாக்குமெண்ட்டாக அனுப்பினால், அப்படியே போய்ச் சேரும். நம்மில் பலர் செய்வது இரண்டாவதைத்தான்.

இவ்வளவும் செய்துவிட்டு, "போடி மெட்டு ரோடு, இத்தனையாவது வளைவு" என்று படத்தின் கீழ் டைப் செய்பவர்களும் உண்டு. வளைவு எண் எழுதிய பலகை படத்தின் ஓரத்தில் தெரிகிறதா என்றும் பாருங்கள். அதை எந்த சாப்ட்வேரும் தானாக நீக்கித் தராது. நீங்கள்தான் கிராப் செய்திட வேண்டும்.