பேயைக் காட்டாத தயாரிப்பாளர்

தலைப்பை நாங்கள் தருவோம். செலவு ஒன்றரை லட்சம் டாலரைத் தாண்டக் கூடாது. படம் 75 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். 1942-ல் வால் லூட்டனை வேலைக்கு எடுத்தபோது ஆர்.கே.ஓ. ஸ்டூடியோ விதித்த நிபந்தனைகள் இவை. 'சிட்டிசன் கேன்' வசூலில் கையைக் கடித்திருந்தது. மலிவான திகில் படங்களால் கல்லாவை நிரப்பிக்கொள்ள நினைத்தார்கள். முதல் தலைப்பு: 'கேட் பீப்பிள்'.

லூட்டன் 1904-ல் யால்டாவில் பிறந்து, சிறுவயதில் தாயோடு அமெரிக்காவுக்கு வந்தவர். மலிவுவிலை நாவல்கள் எழுதியவர். தயாரிப்பாளர் செல்ஸ்னிக்கிடம் கதை இலாகாவில் பல வருடம் உழைத்தவர். அந்த எழுத்தாளர் கடைசிவரை அவருக்குள் இருந்தார்.

'கேட் பீப்பிள்' படத்தில் ஒரு பெண் இரவில் பூங்காச் சுவரோரம் தனியே நடக்கிறாள். பின்னால் இன்னொரு ஜோடிக் குதிகால் செருப்பின் சத்தம். சட்டென்று அது நின்றுவிடுகிறது. அவள் நடையைக் கூட்டுகிறாள், ஓடுகிறாள். சீறிக்கொண்டு பாய்கிறது... ஒரு பஸ்! பிரேக்கின் அந்தச் சீறலில் தியேட்டரே தூக்கிவாரிப்போட்டது. இன்றுவரை இந்த உத்தியைச் சினிமாக்காரர்கள் 'லூட்டன் பஸ்' என்றே சொல்கிறார்கள். இயக்கியவர் ழாக் தூர்னர், படத்தொகுப்பு மார்க் ராப்சன். படமும் நன்றாக ஓடியது.

படப்பிடிப்புக்குப் போகும் கடைசித் திரைக்கதை லூட்டன் கைப்பட எழுதியதாகவே இருக்கும். பெரும்பாலும் பெயர் போட்டுக்கொள்ள மாட்டார். இரண்டு படங்களில் மட்டும் 'கார்லோஸ் கீத்' என்ற புனைபெயர். 'ஐ வாக்ட் வித் எ ஸாம்பி' என்று ஒரு கண்றாவித் தலைப்பைக் கொடுத்தார்கள். அதற்குள் 'ஜேன் அயர்' நாவலின் கதையைக் கரீபியன் தீவுக்குக் கொண்டுபோய் வைத்து, ஒரு கவிதை மாதிரிப் படம் தந்தார் அவர். திகில் படங்களில் இதற்கு இணையாக ஒன்றிரண்டைத்தான் என்னால் சொல்ல முடியும்.

1946 வரை இப்படி ஒன்பது திகில் படங்கள். ஆர்.கே.ஓ.வை விட்டு வெளியேறிய பிறகு எதுவும் கூடிவரவில்லை. 1951-ல் மாரடைப்பில் இறந்தபோது வயது 46.

எடிட்டர்களாக இருந்த ராப்சனையும் ராபர்ட் வைஸையும் இயக்குநர்களாக்கியவர் அவர்தான். வைஸ் பின்னாளில் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' எடுத்து ஆஸ்கர் வாங்கினார். அதற்கு முன்பே, 1963-ல், 'தி ஹாண்டிங்' எடுத்தார். அதில் ஒரு கதவு உட்பக்கமாகப் புடைத்துக்கொண்டு வரும். வெளியே இருப்பது எது என்று படம் முடியும்வரை அவர் காட்டவே இல்லை. லூட்டனிடம் பழகிய கை!