உங்களுக்குத் தெரியுமா? கொலம்பியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம்

கொலம்பியா என்றதும் நமக்குக் கால்பந்துதான் நினைவுக்கு வரும். ஆனால் அந்நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் தங்கம் தந்தவர் பளுதூக்கும் வீராங்கனை மரியா இசபெல் உருத்தியா. ஆண்டு 2000, இடம் சிட்னி. பெண்களுக்கான பளுதூக்குதல் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டதே அப்போதுதான்.

75 கிலோ பிரிவில் அவரும், நைஜீரிய, தைவான் வீராங்கனைகளும் தூக்கிய மொத்த எடை ஒன்றே: 245 கிலோ! அன்றைய விதிப்படி, சமநிலை வந்தால் உடல் எடை குறைந்தவருக்கே வெற்றி. மூவரில் எடை குறைந்தவர் உருத்தியா. தங்கம் அவர் கழுத்துக்கு வந்தது. இத்தனைக்கும் 1988 சியோல் ஒலிம்பிக்கில் அவர் கலந்துகொண்டது குண்டு எறிதலிலும் வட்டு எறிதலிலும்! 2022இல் நாட்டின் விளையாட்டுத் துறை அமைச்சராகவும் ஆனார்.

அடுத்த தங்கத்துக்கு 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லண்டனில் பிஎம்எக்ஸ் சைக்கிள் பந்தயத்தில் மரியானா பஹோன் அதை வென்றார். 2016 ரியோவிலும் விட்டுக்கொடுக்கவில்லை. அதே ரியோவில் மும்முறைத் தாண்டலில் கத்தரின் இபார்குவெனுக்கும் தங்கம். ஆக, அந்நாட்டின் முதல் இரண்டு தங்கங்களையும் வென்றவர்கள் பெண்களே. ஆண்களில் பளுதூக்கும் வீரர் ஆஸ்கர் ஃபிகரோவா முந்திக்கொண்டார், அதுவும் ரியோவில்தான்.