தடாகக் கரையில் செயற்கைப் புல்

யாழ்ப்பாணத்து வளவுகளில் நீச்சல் தடாகம் கட்டுவோர், கரைக்குச் செயற்கைப் புல் வாங்குமுன் நிலத்தடியை நினைக்க வேண்டும். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழைநீர் சுண்ணக்கல்லில் இறங்கித்தான் கிணறுகளை நிரப்புகிறது. தடாகத்திலிருந்து சிதறும் குளோரின் நீரும் அதே வழியில்தான் இறங்கும். ஆகவே துளையுள்ள புல்விரிப்பு மட்டும் போதாது; நீரைக் கிணற்றடியிலிருந்து விலக்கும் வடிகாலும் அவசியம்.

அடுத்தது சூடு.

1966இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் அஸ்ட்ரோடோம் விளையாட்டரங்கில் விரித்த செயற்கைப் புல் நைலோனால் ஆனது. இன்று பெரும்பாலும் பொலிஎதிலீன். எதுவானாலும் உச்சி வெயிலில் 60 பாகை செல்சியஸைத் தாண்டலாம். வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகளின் பாதம் பொறுக்காது. இழைகளுக்கிடையே கறுப்பு றப்பர் துகளைத் தவிர்த்துச் சிலிக்கா மணல் நிரப்புவது நல்லது. வேம்பின் நிழல் விழும் பக்கத்தில் விரித்தால் இன்னும் நல்லது. அறுகு வளரக்கூடிய இடத்தில் அதையே விடலாம்: அவ்வளவு சுடாது, பிளாஸ்ரிக் இழையும் உதிராது.