எட்டு புரோட்டான்களின் கணக்கு

நீட் தேர்வு நெருங்கும்போது மாணவர்கள் திருப்புதல் செய்யும் விதத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. காலையில் இயற்பியல்: மின்னழுத்தம், மின்புலம். மதியம் வேதியியல்: அயனிச் சமநிலை, பிஹெச். இரவில் உயிரியல்: செல் சுவாசம், ஏடிபி. மூன்றுக்கும் தனித்தனி நோட்டு, தனித்தனி ஆசிரியர். ஆனால் இந்த மூன்று பாடங்களும், அவற்றைப் படிக்கும் மாணவியின் ஒவ்வொரு தசைச் செல்லுக்குள்ளும் ஒரே இடத்தில் நடந்துகொண்டிருக்கின்றன. அந்த இடம் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வு.

காலையில் சாப்பிட்ட இட்லி குளுக்கோஸாகிச் சிதைகிறது. அதிலிருந்து பிரியும் எலக்ட்ரான்கள் சவ்வில் பதிந்துள்ள புரதங்களிடையே கைமாறிக் கடைசியில் ஆக்சிஜனைச் சேர்கின்றன. வழியில் வெளிப்படும் ஆற்றலைக் கொண்டு அந்தப் புரதங்கள் புரோட்டான்களை உள்ளிருந்து வெளியே தள்ளுகின்றன. புரோட்டான் என்பது ஹைட்ரஜன் அயனிதானே? வெளியே அது கூடக்கூட அங்கே பிஹெச் குறைகிறது. அதற்கு நேர்மின்னூட்டமும் உண்டு. எனவே சவ்வின் ஒருபுறம் நேர், மறுபுறம் எதிர் என்று மின்னழுத்த வேறுபாடு எழுகிறது.

எவ்வளவு? சுமார் 150 மில்லிவோல்ட். ஒரு சாதாரண பேனா பேட்டரியில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் சவ்வின் தடிமன் ஏறக்குறைய 5 நானோமீட்டர். மின்னழுத்தத்தைத் தூரத்தால் வகுத்தால் மின்புலம் கிடைக்கும்: மீட்டருக்கு 3 கோடி வோல்ட்! உலர்ந்த காற்றில் மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட்டிலேயே மின்பொறி பாய்ந்துவிடும். அதைப்போல் பத்து மடங்கு மின்புலத்தை இரண்டே அடுக்கு கொழுப்பு மூலக்கூறுகள் தாங்கி நிற்கின்றன.

இனி கணக்கு. உடல் வெப்பநிலையில் ஒரு பிஹெச் அலகு வேறுபாடு ஏறத்தாழ 60 மில்லிவோல்ட்டுக்குச் சமம். சவ்வின் இருபுறமும் முக்கால் அலகு அளவுக்கு வேறுபாடு இருப்பதால் அதற்காக 150-உடன் ஒரு 45-ஐச் சேர்க்கலாம். மொத்த உந்துவிசை கிட்டத்தட்ட 0.2 வோல்ட். ஒரு மோல் புரோட்டானின் மின்னூட்டம் ஃபாரடே மாறிலி, அதாவது 96,500 கூலும். இரண்டையும் பெருக்கினால் 19.3 கிலோஜூல். செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி, செல்லுக்குள் நிலவும் செறிவுகளில் ஒரு மோல் உருவாகச் சுமார் 50 கிலோஜூல் வேண்டும். ஆக, ஒரு புரோட்டான் போதாது, இரண்டும் போதாது.

இந்த இடத்தில்தான் ஏடிபி சிந்தேஸ் என்னும் நொதியைக் கவனிக்க வேண்டும். சவ்வில் பதிந்த அதன் அடிப்பகுதி ஒரு வளையம். பாலூட்டிகளில் அதற்கு 8 உறுப்புகள். 8 புரோட்டான்கள் உள்ளே திரும்பினால் வளையம் ஒரு முழுச் சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு 3 ஏடிபி. எட்டு மோல் புரோட்டான் தருவது 154 கிலோஜூல். மூன்று மோல் ஏடிபிக்குத் தேவை 150. பிளஸ் டூ பாடங்களைக் கொண்டே இதைப் போட்டுவிடலாம், விடையும் இவ்வளவு நெருங்கி வருகிறது. பாடப்புத்தகத்தில் இந்தக் கணக்கு பயிற்சி வினாவாகவே இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்த இணைப்பை முதலில் கண்டவர் பீட்டர் மிட்செல் என்ற ஆங்கிலேயர். அவர் 1961-இல் இதை எழுதியபோது, சக உயிர்வேதியியலாளர்கள் ஏடிபிக்கு ஆற்றலைக் கைமாற்றும் ஒரு இடைநிலைச் சேர்மத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அப்படியொரு சேர்மமே இல்லை, சவ்வின் இருபுறமும் உள்ள வேறுபாடுதான் அந்த இடைநிலை என்றார் மிட்செல். எளிதில் யாரும் ஏற்கவில்லை. உடல்நலம் குன்றி எடின்பரோ பல்கலைக்கழகத்தை விட்டு விலகியவர், கார்ன்வாலில் ஒரு பழைய மாளிகையைச் செப்பனிட்டு, சக ஆய்வாளர் ஜெனிஃபர் மாய்லுடன் அங்கேயே ஆய்வுக்கூடம் நடத்தினார். 1978-இல் வேதியியல் நோபல் பரிசு அவருக்குத் தனியாகக் கிடைத்தது.

அவர் பக்கம் காற்று திரும்பக் காரணமான சோதனைகளுள் ஒன்று ஜேகன்டார்ஃப், உரிபே இருவரும் 1966-இல் செய்தது. பசலைக்கீரையின் பசுங்கணிகச் சவ்வுகளை இருட்டில் அமிலத்தில் ஊறவைத்து, சட்டென்று காரக் கரைசலுக்கு மாற்றினார்கள். ஒளியே இல்லாமல் ஏடிபி உருவானது. அதற்கான ஆற்றலைத் தர அமிலமும் காரமும் மட்டுமே போதுமாக இருந்தன. நொதி உண்மையிலேயே சுழல்கிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1997-இல் கண்ணெதிரே காட்டினார்கள். ஏடிபியைக் கொடுத்து அதை எதிர்த்திசையில் ஓடவிட்டு, அதன் அச்சில் ஒளிரும் புரத இழை ஒன்றை ஒட்டி, அந்த இழை சுற்றுவதை நுண்ணோக்கியில் படம் பிடித்தார்கள்.

ஒரு மனித உடல் நாளொன்றுக்கு ஏறத்தாழ தன் எடைக்கு நிகரான ஏடிபியை இப்படிப் புதுப்பித்துக்கொள்கிறது. கையிருப்போ எந்நேரமும் சில பத்து கிராம்தான். அதனால்தான் மூச்சு சில நிமிடம் நின்றாலும் மூளை தாங்குவதில்லை.

புரோட்டான்கள் சுழலியைத் தொடாமல் திரும்பவும் ஒரு வழி உண்டு. பிறந்த குழந்தைக்குக் குளிரில் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாது. அதன் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்தைச் சுற்றியும் பழுப்புக் கொழுப்பு இருக்கிறது. அந்தச் செல்களின் மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு தனிப் புரதம் புரோட்டான்களுக்கு நேர்வழி திறந்துவிடுகிறது. 0.2 வோல்ட்டில் சேர்த்துவைத்த ஆற்றல் அப்போது ஏடிபியாகாமல் முழுவதும் வெப்பமாகிக் குழந்தையின் ரத்தத்தைச் சூடாக்குகிறது.