பிடித்தம் போக மீதி

மாதம் முழுவதும் உழைத்த ஊழியர் கடைசி நாளன்று வேலை முடித்து வீடு திரும்பும்போது, அவருடைய சம்பளப் பணம் இன்னும் முதலாளியின் பெட்டியிலேயே இருந்தபோதிலும், அது அவருக்குச் சேரவேண்டிய கடனாகிவிட்டது என்னும் எளிய நியாயத்தைச் சட்டத்தில் எழுதிவைப்பதற்கு நம் தேசம் 1936 வரையில் காத்திருக்க நேர்ந்தது. கூலியைப் பல நாள் தாமதித்துக் கொடுப்பதும், தொட்டதற்கெல்லாம் அபராதம் விதிப்பதும் அந்நாளைய ஆலைகளில் சகஜமாயிருந்தன. ஜே. எச். விட்லியின் தலைமையில் 1929-இல் நியமனமான ராயல் கமிஷன் இவற்றை விசாரித்து 1931-இல் அறிக்கை சமர்ப்பித்த பின்னரே சம்பளப் பட்டுவாடாச் சட்டம் பிறந்தது. அபராதம் சம்பளத்தில் ரூபாய்க்கு அரையணாவுக்கு மேற்படலாகாது என்று அது வரம்பு கட்டிற்று.

அந்த அரையணா இன்றும் நூற்றுக்கு மூன்று என்ற உருவில் நிலைத்திருக்கிறது. பழைய சட்டத்தையும், குறைந்தபட்ச ஊதியம், போனஸ், சம ஊதியம் ஆகியவற்றுக்கான சட்டங்களையும் ஒன்றாகத் திரட்டிப் பார்லிமெண்டு 2019-இல் நிறைவேற்றிய ஊதியத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துள்ளது. முந்திய சட்டத்தின் பாதுகாப்பு மாதம் 24,000 ரூபாய்க்கு மேற்படாத சம்பளம் வாங்குவோர்க்கே உரியதாயிருந்தது. அந்த உச்சவரம்பு இப்போது இல்லை.

நாட்கூலிக்காரருக்கு அன்றைய வேலை முடிந்தவுடனும், வாரக் கூலிக்காரருக்கு வார விடுமுறைக்கு முந்திய வேலை நாளிலும், மாதச் சம்பளக்காரருக்கு அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள்ளும் பட்டுவாடா ஆகிவிட வேண்டும். வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்கும், தாமே ராஜினாமாச் செய்தவருக்கும் இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கியைக் கொடுத்துவிட வேண்டும் என்பதால், “அடுத்த மாதம் வா, கணக்கை முடித்துத் தருகிறோம்” என்று சொல்லி ஊழியரை நடையாய் நடக்கவைக்கும் வழக்கத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

ஆனால் அநியாயம் மிகுதியாக நடப்பது பிடித்தங்களில்தான் என்பது என் அபிப்பிராயம். தொகை சிறிதாயிருப்பதால் அதைக் கேட்கவும் பலர் கூசுகிறார்கள். ஒரு ஜவுளிக்கடையில் மாதம் 12,000 ரூபாய் சம்பளத்தில் புடவை எடுத்துக் காட்டி நிற்கும் பெண், பஸ் தாமதமானதால் ஒரு நாள் பத்து நிமிஷம் பிந்தி வந்தாள் என்று வைத்துக்கொள்வோம். அரை நாள் சம்பளத்தைக் கடைக்காரர் வெட்டிவிடுகிறார். வராத நேரத்துக்கு எவ்வளவு கூலியோ அவ்வளவுக்கு மேல் அந்தக் கணக்கில் பிடிக்கலாகாது. அதாவது பத்து நிமிஷத்துக்குப் பத்து நிமிஷக் கூலியே. அபராதமாக விதித்தேன் என்று அவர் கூறுவாராயின், எக்குற்றங்களுக்கு அபராதம் உண்டு என்பதை அரசாங்கத்தின் முன் அனுமதி பெற்று அறிவிப்பாக ஒட்டியிருக்க வேண்டும். அப்பெண்ணின் சமாதானத்தைக் கேட்டிருக்க வேண்டும். அம்மாதத்து அபராதம் அனைத்தும் கூடி 360 ரூபாயைத் தாண்டலாகாது. தவணை முறையிலோ 90 நாட்களுக்குப் பிறகோ வசூலிக்கவும் கூடாது. அவ்விதம் வசூலான பணமும் முதலாளியின் லாபத்தில் சேராது. பதிவேட்டில் எழுதப்பட்டு ஊழியர் நலனுக்கே செலவாக வேண்டும்.

களவு போன புடவையின் விலையை அந்தத் தளத்தில் நின்ற பெண்கள் எல்லோர் தலையிலும் பங்கிட்டுக் கட்டுவதும் இப்படித்தான். அவரவர் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட சரக்கு, அவரவர் அஜாக்கிரதையாலேயே நஷ்டமாயிற்று என்பது தெளிவானாலன்றி ஒரு காசும் பிடிக்க இயலாது. எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்தாலும் சம்பளத்தில் பாதிக்கு மேற்படலாகாது. ஒப்பந்தக்காரர் கைவிரித்துவிட்டால், வேலை நடந்த ஸ்தாபனத்தின் சொந்தக்காரர் கூலிக்குப் பொறுப்பாளியாகிறார்.

குறைவாகவோ கொடுபடாமலோ போன சம்பளத்துக்கு மூன்று வருஷத்துக்குள், இதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் ஊழியர் தாமாகவோ தொழிற்சங்கத்தின் மூலமாகவோ மனுச் செய்யலாம். பாக்கித் தொகைக்கு மேல் அதைப்போல் பத்து மடங்கு வரையில் நஷ்டஈடு விதிக்கவும் அவருக்கு அதிகாரமுண்டு. அங்கே, சம்பளம் கொடுத்தாயிற்று என்று நிரூபிக்க வேண்டிய பாரம் முதலாளியுடையது. எனினும் மாதந்தோறும் தரவேண்டிய சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துவது பிற்பாடு பெரிதும் உதவும். வேலைக்குச் சேர்ந்த நாளில், எந்தப் பிடித்தத்துக்கும் சம்மதம் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டோமே என்று அஞ்சித் தயங்குவோர் பலர். சட்டம் தந்த உரிமையை விட்டுக்கொடுக்கும் அத்தகைய ஒப்பந்தம் செல்லாது.