100 எம்பி வாங்கினால் 12 எம்பி வருவது ஏன்?

அறந்தாங்கியில் ஒரு வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வருகிறது. திட்டத்தின் வேகம் 100 எம்பி. படம் ஒன்றைத் தரவிறக்கினால் கணினி காட்டுவது வினாடிக்கு 12 எம்பிதான். நூறு சொல்லிவிட்டுப் பன்னிரண்டு தருகிறார்களே என்று கோபம் வருவது நியாயம். ஆனால் இங்கே வேகம் குறையவில்லை, அளவை மாறியிருக்கிறது.

இணைய நிறுவனங்கள் வேகத்தைப் பிட்டில் சொல்கின்றன. கோப்பின் அளவோ பைட்டில். 8 பிட் சேர்ந்தது 1 பைட். பழைய முகத்தலளவையில் 8 ஆழாக்கு ஒரு படி என்பதைப் போலத்தான். 100 ஆழாக்கு அரிசியைப் படியால் அளந்தால் பன்னிரண்டரைப் படி வரும். 100 மெகாபிட்டும் அப்படியே 12.5 மெகாபைட். 1 ஜிபி படம் இறங்க, எல்லாம் ஒழுங்காக இருந்தால், 80 வினாடி ஆகும். வைஃபை சுவர் தாண்டி வந்தாலோ, வீட்டில் நான்கு கைபேசிகள் சேர்ந்து ஓடினாலோ இன்னும் கூடும்.

ஆங்கிலத்தில் பிட்டுக்குச் சின்ன எழுத்து, பைட்டுக்குப் பெரிய எழுத்து என்று பிரித்துவிடுகிறார்கள். தமிழில் அந்த வசதி இல்லை. இரண்டுமே 'எம்பி' ஆகிவிடுகின்றன. குழப்பத்தின் வேர் இதுதான். நாளிதழ்களும் கடைப் பலகைகளும் மெகாபிட், மெகாபைட் என்று முழுதாக எழுதியே ஆக வேண்டும்.

ஊராட்சிகளுக்கு வரும் பாரத்நெட் இணைப்பிலும் இதே சிக்கல். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் தலா 1 ஜிபி வேகம் என்பது திட்டம். புதுக்கோட்டை மாவட்டத்தின் 497 ஊராட்சிகளும் அதில் அடக்கம். அந்த ஜிபி, கிகாபிட். அதாவது வினாடிக்கு 125 மெகாபைட். ஊரில் 100 வீடுகள் ஒரே நேரத்தில் பங்கிட்டால் வீட்டுக்கு 1.25 மெகாபைட். கேட்கச் சிறியதாக இருந்தாலும், 2023 ஜனவரியில் மத்திய அரசு அகலக்கற்றைக்கு நிர்ணயித்த குறைந்தபட்சத் தரவிறக்க வேகமான 2 மெகாபிட்டைப் போல இது ஐந்து மடங்கு. அதற்கு முன் 512 கிலோபிட் இருந்தாலே அகலக்கற்றை என்றார்கள்.

இன்னொன்று. விளம்பரத்தில் பெரிதாக இருப்பது பெரும்பாலும் தரவிறக்க வேகம். இ-சேவை மையத்தில் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து அனுப்புபவருக்கு வேண்டியது பதிவேற்ற வேகம். அது 2 மெகாபிட்டாக இருந்தால் 5 மெகாபைட் கோப்பு ஏற 20 வினாடியாவது ஆகும். இணைப்பு வாங்கும்போது அந்த எண்ணையும் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.