தொந்தியும் மூளையும் ஆண்மை ஓமோனும்

புங்குடுதீவின் மடத்துவெளியில் முருகன் கோயில் திருவிழாவுக்கு வெளிநாடுகளிலிருந்து வந்து சேர்வோர் பலர். 1983 ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னரும், 1990 களின் இடப்பெயர்வுகளின் பின்னரும் இத்தீவு மக்கள் சுவிற்சர்லாந்து, பிரான்சு, கனடா முதலிய நாடுகளிற் பரந்து வாழ்கின்றனர். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் ஆடவர் மேலாடையின்றி உட்செல்வதே வழக்கமாதலால், சட்டை மறைத்து வைத்திருப்பதைத் திருவீதி காட்டிவிடும். கையும் காலும் ஒடுங்கியிருக்க, வேட்டியின் மடிப்புக்கு மேலே வயிறு மட்டும் முன்தள்ளி நிற்கும் நாற்பது வயதினரை அங்கே காணலாம். "வண்டி வைத்துவிட்டது" என்று ஊரவர் வேடிக்கை பேசுவர். செழிப்பின் அடையாளம் என்று மகிழ்வாரும் உண்டு. துலா மிதித்துத் தோட்டத்துக்கு நீர் இறைத்து, ஒடியற் கூழ் குடித்து வாழ்ந்த அவர்தம் பாட்டனாருக்கு இந்தச் செழிப்பு வாய்த்ததில்லை.

இந்த வயிற்றுக்கும் அந்த மனிதரின் ஆண்மைக்கும் தொடர்பு உண்டா என்பது, மருத்துவரிடம் கேட்கவும் பலர் கூசுகின்ற கேள்வி. தொடர்பு உண்டு. ஆயினும் பலரும் எண்ணுவது போல அது வயிற்றிலிருந்து நேரே விதைகளுக்குச் செல்லும் தொடர்பன்று. இடையில் மூளை நிற்கிறது.

முதலில் வயிற்றைப் பார்ப்போம். தென்னாசிய மக்களின் உடல் ஒரு வகையில் ஏமாற்றும் உடல். பூனா நகர மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்ஞிக் அவர்களும் இலண்டனைச் சேர்ந்த ஜோன் யட்கின் அவர்களும் 2004 இல் தம் இருவர் உடலையுமே எடுத்துக்காட்டாக வெளியிட்டனர். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் அளவு இருவருக்கும் ஒன்றே, 22.3. ஆனால் ஆங்கிலேயர் உடலிற் கொழுப்பு 9 வீதம்; இந்தியர் உடலில் 21 வீதம்! தராசு இருவரையும் ஒருவராகவே கண்டது. இதனாலேயே தென்னாசிய ஆடவருக்கு இடைச் சுற்றளவு 90 சென்ரிமீற்றரை எட்டினாலே எச்சரிக்கை என்று 2005 இல் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் வகுத்தது. ஐரோப்பியருக்கு அந்த எல்லை 94. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் குடியேறியோரை ஆராய்ந்து 2010 இல் வெளியான ஆய்வொன்று, மேற்கு ஐரோப்பாவிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் வந்தோரிலும் தென்னாசியருக்கு நீரிழிவு நேரும் வாய்ப்பு மும்மடங்குக்கு மேலென்று கண்டது.

இனி மூளை. ஆண்மைக்குரிய டெஸ்டொஸ்டெரோன் என்னும் ஓமோன் விதைகளிற் சுரக்கிறதாயினும் ஆணை அங்கிருந்து பிறப்பதில்லை. மூளையின் அடிப்பாகத்தில் பரிவகக்கீழ் என்னும் சிறு பகுதி உண்டு. அங்கே ஓராயிரம் ஈராயிரம் நரம்புக் கலங்களே, ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, தூண்டும் ஓமோன் ஒன்றைத் துளித்துளியாக வெளியிடுகின்றன. (இக்கலங்கள் கருவில் மூக்குப் பக்கத்தே தோன்றி மூளைக்குள் நகர்ந்து குடியேறுபவை என்பது ஒரு வியப்பு. வழியிலே தங்கிவிட்டால் மணமும் அறியாமல், பருவமும் எய்தாமற் போகும் நிலை உண்டாகும்.) அத்துடிப்பைக் கேட்டுக் கீழேயுள்ள கபச்சுரப்பி தன் ஓமோனைக் குருதியில் அனுப்ப, அதைப் பெற்றே விதைகள் தொழிற்படுகின்றன. இந்தத் தூண்டும் ஓமோனின் அமைப்பை 1971 இல் கண்டறிந்த அன்ட்ரூ ஷாலி, ரோஜர் கியெமென் ஆகியோர் 1977 இல் நோபெல் பரிசின் பாதியைப் பகிர்ந்துகொண்டனர்.

ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஆணையிடுமுன் மூளை ஒன்றை விசாரிக்கிறது: களஞ்சியத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதை. மாரி பொய்த்த ஆண்டில் தீவகத்துக் குடும்பத் தலைவர் நெல்லும் புழுக்கொடியலும் எவ்வளவு மிஞ்சியுள்ளன என்று பார்த்த பின்னரே கலியாணப் பேச்சைத் தொடங்குவது போன்றது இது. உடலின் களஞ்சியம் கொழுப்பிழையம். அதன் இருப்பை அறிவிக்கும் தூதன் லெப்டின் என்னும் ஓமோன். 1994 இல் நியூயோர்க்கில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் கண்டுபிடித்தது. பிறவியிலேயே இத்தூதன் இல்லாதவர்களுக்கு மூளை பருவத்தையே திறந்துவிடுவதில்லை. பட்டினியும் அவ்வாறே செய்யும். 1944, 1945 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் 36 இளைஞரை அவர்தம் சம்மதத்தோடு அரைப்பட்டினியில் வைத்தபோது, சில மாதங்களில் அவர்களிடமிருந்து காமவுணர்வு அடியோடு மறைந்தது.

அப்படியாயின் களஞ்சியம் நிரம்பி வழியும் மனிதருக்கு ஆண்மை ஓமோனும் நிரம்பி வழிய வேண்டுமல்லவா? நேர்வது அதற்கு மாறானது. தூதன் ஓயாமற் கூவினால் தலைவரின் செவி மரத்துப்போகிறது. பருத்த உடலில் லெப்டின் மிகுந்திருந்தும் மூளை அதற்குச் செவிசாய்ப்பதில்லை. அச்செய்தியைத் துடிப்புக் கலங்களுக்குக் கொண்டுசெல்லும் இடைத்தரகு கிஸ்பெப்டின் என்னும் பொருள் (இதன் மரபணு 1996 இல் அமெரிக்காவின் ஹேர்ஷி என்னும் சொக்கலேற் நகரிற் கண்டறியப்பட்டமையால், அந்நகரின் புகழ்பெற்ற இனிப்பின் பெயரைப் பெற்றது). அத்தரகும் தளர்கிறது. இன்சுலினுக்கும் மூளை செவிடாகலாம். மூளையில் மட்டும் இன்சுலினை உணரவியலாதவாறு வளர்க்கப்பட்ட எலிகள் பருத்ததோடு இனப்பெருக்கத் திறனும் குன்றியமையை 2000 ஆம் ஆண்டிலேயே ஆய்வாளர் கண்டனர்.

கொழுப்புக் கலங்களிலுள்ள ஒரு நொதியம் ஆண் ஓமோனைப் பெண்மைக்குரிய ஈஸ்திரோஜனாக மாற்றி, அது மூளையை அடக்கிவிடுகிறது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். பொய்யன்று, முழு உண்மையுமன்று. அமெரிக்காவின் பஃபலோ நகரில் சந்தீப் திந்சா, பரேஷ் தண்டோனா என்னும் இந்திய வழிவந்த மருத்துவர்கள் 2004 இல் நீரிழிவுடைய 103 ஆடவரைச் சோதித்தனர். மூவரில் ஒருவருக்கு டெஸ்டொஸ்டெரோன் குறைந்திருந்தது. விதைகள் பழுதாயின் கபச்சுரப்பி அவற்றை விரட்டத் தன் ஓமோனைப் பெருக்கியிருக்க வேண்டும். அது பெருகவில்லை. ஆணையே குறைந்திருந்தது. அக்குழுவினர் 2011 இல் ஈஸ்திரோஜனையும் அளந்தபோது, அத்தகைய ஆடவரில் அதுவுங்கூடக் குறைவாகவே காணப்பட்டது. எனவே பழியை ஈஸ்திரோஜன் மேல் மட்டும் சுமத்த முடியாது. மூளையின் மந்தத்துக்கு வேறு காரணங்களும் உள.

இங்கேதான் ஒரு பெரிய தவறு நேர்கிறது. களைப்பும் நாட்டக் குறைவும் உடைய மனிதர் ஒரு சோதனை செய்விக்கிறார், ஓமோன் குறைவென்று வருகிறது, ஊசி ஏற்றிக்கொள்கிறார். வெளியிலிருந்து டெஸ்டொஸ்டெரோன் வந்ததும், இனி ஆணை வேண்டியதில்லை என்று மூளை வாளாவிருந்துவிடும். விந்தணு உற்பத்தி வீழும். 1990 இல் உலக சுகாதார தாபனம் வெளியிட்ட ஆய்வில், வாரந்தோறும் இவ்வூசி பெற்ற ஆடவரிற் பெரும்பாலோர்க்கு விந்தணுவே இல்லாது போயிற்று. அந்த ஆய்வு நடந்ததே கருத்தடைக்காக! பிள்ளைக்கு ஏங்கும் ஒருவர் ஆண்மை வளர்க்க ஏற்றும் ஊசியே பிள்ளையைத் தடுப்பதும், மனைவி கோயில் கோயிலாக விரதமிருந்து ஊராரின் பழிச்சொல்லைத் தாங்குவதும் எவ்வளவு கொடிது! ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோர்க்கு உற்பத்தி மீளும். ஆனால் மாதங்கள் செல்லும், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

சோதனையையும் அப்படியே நம்பிவிடக்கூடாது. இவ்வோமோன் காலையில் உயர்ந்து மாலையிற் தாழ்வது. காலை வேளையில், வெறும் வயிற்றில், வெவ்வேறு நாட்களில் இருமுறை அளப்பதே முறை. அன்றியும், இதைக் குருதியிற் சுமந்து செல்லும் புரதம் பருத்த உடலிற் குறைந்துவிடும். அப்போது மொத்த அளவு தாழ்ந்து தோன்றினாலும், உடலுக்குப் பயன்படும் பகுதி போதியதாக இருக்கக்கூடும்.

உடல் எடை குறைந்தால் மூளையின் செவி மறுபடி திறக்கிறது என்பதே நல்ல செய்தி. பல ஆய்வுகளைத் தொகுத்து 2013 இல் இத்தாலிய மருத்துவர்கள் வெளியிட்ட கணக்கின்படி, உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைத்தோர்க்கு டெஸ்டொஸ்டெரோன் சிறிதளவு உயர்ந்தது; இரைப்பைச் சத்திரசிகிச்சையால் மிகுதியாகக் குறைத்தோர்க்கு அவ்வுயர்வு அதன் மும்மடங்களவு. குறைந்த கொழுப்புக்கேற்பவே ஏற்றம். அவுஸ்திரேலியாவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆடவரிடை நடந்து 2021 இல் வெளியான ஆய்வில், உணவு உடற்பயிற்சித் திட்டத்தோடு ஈராண்டு ஊசியும் பெற்றோரில் நீரிழிவுடையோர் 12 வீதம். திட்டத்தை மட்டும் மேற்கொண்டோரில் 21 வீதம். ஊசிக்கும் இடமுண்டென்பது இதனால் தெரிகிறது. ஆனால் ஊசி பெற்றோரில் ஐந்திலொருவர்க்குக் குருதி அளவுக்கு மிஞ்சித் தடித்தது. ஆகவே அது மருத்துவரின் கண்காணிப்பில், குறித்த சிலர்க்கே உரியது. பிள்ளை வேண்டுவோர் அதைத் தொடுவதற்கு முன்னரே மருத்துவரிடம் அவ்விருப்பத்தைச் சொல்லிவிட வேண்டும்.

திருவிழா முடிந்து விமானம் ஏறும் அந்த நாற்பது வயதினருக்கு முதலில் வேண்டுவது தையற்காரரின் அளவு நாடா ஒன்றே. மூச்சை வெளிவிட்டு, விலா எலும்பின் கீழ் விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, வயிற்றை உள்ளிழுக்காமற் சுற்றி அளக்க வேண்டும்.